கைப்பட ஒரு பாயிரம்

“உன் புத்தகத்துக்கா? அதையும் நீயே எழுதிடேன்ப்பா” என்றார் புலவர் கஜபதியார்.

உத்தமன் காப்பி டம்ளரும் கையுமாக நின்றான். கேட்க வேண்டும் என்று மூன்று மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து, இன்றைக்குத்தான் வாயைத் திறந்திருந்தான். ஐயா தினசரியிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

“ஐயா, சிறப்புப் பாயிரமாச்சே. அதைப் போய் நானே எப்படி...”

“இத்தனை பேருக்கு எழுதினவனுக்கு இது ஒண்ணு பெரிய வேலையா?”

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் யார் புத்தகம் போட்டாலும் முதலில் வந்து நிற்கிற இடம் திருமுல்லைவாயிலில் கஜபதியார் வீடுதான். முன்னுரை, அணிந்துரை என்ற சொற்களெல்லாம் அவருக்கு ஆகாது. “அதெல்லாம் கடைத்தெருச் சரக்கு. நான் தருவது பாயிரம்” என்பார். புத்தகம் போட்டவருக்கே அது இன்னதென்று தெரியாது. தெரியாததாலேயே அதற்குத் தனி மதிப்பு. பூந்தமல்லியில் அச்சகம் வைத்திருக்கும் உஸ்மான் கனி ஒருமுறை உத்தமனிடம், “இன்னா தலீவா அது, பாயிரம் பாயிரம்னு?” என்று கேட்டார். “முன்னுரைதான் பாய். பட்டு வேட்டி கட்டிகினு வருது” என்றான் உத்தமன்.

அந்தப் பட்டு வேட்டியை நெய்துகொண்டிருந்தவன் அவன்தான் என்பது உஸ்மான் கனிக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது.

பகலில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில், யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று பார்ப்பது உத்தமனின் வேலை. சாயங்காலமானால் ஐயா வீடு. இருபது வருஷமாக ஐயாவின் பாயிரங்கள் எல்லாவற்றையும் அவன்தான் எழுதினான். ஐயா அடியில் கையெழுத்துப் போட்டார். கவிதைக்கு, வாஸ்துவுக்கு, குலதெய்வ வரலாற்றுக்கு, இருசக்கர வாகனப் பராமரிப்புக்கு, ஊறுகாய்ச் செய்முறைக்கு என்று எழுதாத துறை பாக்கியில்லை. இதற்கு அவனுக்குக் கிடைத்தது, மேடைகளில் ஐயாவுக்கு விழுந்து மிச்சமான பொன்னாடைகள். அவன் மனைவி நாகவல்லி எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைப்பவள். அவற்றை வெட்டித் தலையணை உறை தைத்துவிட்டாள். ஜரிகை கன்னத்தில் குத்துவதால் இரண்டு பேருக்குமே சரியான தூக்கம் இல்லை.

எழுதினான் என்றேனே, படித்தான் என்று சொன்னேனா? முதல் பக்கம், கடைசிப் பக்கம், பொருளடக்கம். அவ்வளவுதான். அதற்கு மேல் அவனிடம் ஒரு சூத்திரம் இருந்தது. நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தின் எண்ணைப் போட்டு, அந்தப் பக்கத்தில் ஐயா கண் கலங்கினார் என்று எழுதிவிடுவான். எந்தப் பக்கம் என்பது முக்கியமே இல்லை. எழுதியவர் ஓடிப்போய் அந்தப் பக்கத்தைப் புரட்டி, அழுவதற்கு ஏதாவது ஒன்றைத் தாமே கண்டுபிடித்துக்கொள்வார். அப்புறம் இனிப்புப் பெட்டியோடு வந்து ஐயாவின் காலில் விழுவார். உத்தமன் ஓரமாக நின்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வான்.

இப்போது அவனே ஒரு புத்தகம் எழுதிவிட்டான். பதினாறு சிறுகதைகள். தன்னை யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்துவிட்டு நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்துவிட்டது. ஊரையெல்லாம் படிக்காமல் புகழ்ந்தவனுக்கு இந்த ஆசை வரலாமா என்று கேட்டால் வரக்கூடாதுதான். வந்துவிட்டது.

“தன்னைத் தானே புகழ்ந்துக்கறது தகாது, அதனாலதான் பாயிரத்தை அடுத்தவர் எழுதணும்னு பெரியவங்க வச்சாங்கன்னு நீங்கதானே ஐயா மேடைக்கு மேடை சொல்றீங்க?”

கஜபதியார் தினசரியை மடித்தார். “கீழே யார் பேர் வரும்?”

“உங்க பேர்தான்.”

“அப்ப நான்தானே உன்னைப் புகழறேன்? நீ எங்க உன்னைப் புகழ்ந்த? போய் எழுதிட்டு வா.”

அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்தான். ஊரானுக்கென்றால் பேனா நிற்காது. தனக்கென்றதும் ஒரு சொல்கூட இறங்கவில்லை. ‘அரிய’ என்று எழுதினான், வெட்கமாக இருந்தது, அடித்தான். ‘ஆழ்ந்த’ என்று எழுதினான், அதையும் அடித்தான். கடைசியில் ஒருவழியாக இரண்டே வரி தேறியது.

நாகவல்லி எடுத்துப் பார்த்தாள். “‘உத்தமன் இந்நூலை எழுதியுள்ளார். படிக்கலாம்.’ இன்னாய்யா இது? காலமானார் போஸ்டர்ல கூட இத்தவிட நல்லதா நாலு வார்த்த போடுவானுங்கோ!”

“நீதான் என் கதையைப் படிச்சுட்டு ஏதாச்சும் சொல்லேன்.”

“ஓவர்டைம் பாத்துட்டு வந்து கண்ணு எரியுது. அப்பால படிக்கிறேன்” என்று அவள் ஜரிகைத் தலையணையில் சாய்ந்தாள்.

அவள்மேல் தப்பில்லை. ஆனாலும் அவனுக்கு வலித்தது.

மறுநாள் அச்சகத்தில் உஸ்மான் கனி ஒரு யோசனை சொன்னார். “ஒங்க பேரு இருந்தா ஒங்க கிட்டயே தள்ளுறாரு. பேர மாத்துங்கோ தலீவா. புது ஆளுன்னு நான் அனுப்பறேன். அப்பவாச்சும் தொறந்து பாக்க மாட்டாரா?”

முல்லைவாணன் என்று பேர் வைத்தார்கள். கதைக் கட்டு அச்சகத்திலிருந்து ஐயா வீட்டுக்குப் போனது. உத்தமன் நாலு நாள் ஐயாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கஜபதியார் அந்தக் கட்டைத் தூக்கி அவன் மடியில் போட்டார். “யாரோ முல்லைவாணனாம். ஒரு பாயிரம் போடு.”

கட்டைச் சுற்றியிருந்த சணல்கூட அவிழவில்லை.

“ஐயா... இதை நீங்க ஒரு பக்கமாவது...”

“எதுக்கு? கையில எடுத்தாலே தெரியாதா? சுமார்தான்.”

“நல்லா இருக்கும்போலத் தெரியுதுங்க ஐயா.”

கஜபதியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “நீ எப்பலேர்ந்து படிக்க ஆரம்பிச்ச?”

உத்தமன் கட்டை எடுத்துப் பைக்குள் வைத்தான்.

“புதுப் பையன். ரொம்பத் தூக்கிவச்சு எழுதிடாதே, தலை கால் புரியாது. ரெண்டு குறை சொல்லிக் கடைசியில ஆசீர்வாதம் பண்ணிடு.”

புகழத்தான் பேனா வரவில்லையே தவிர, குறை சொல்ல நன்றாகவே வந்தது. தன் எழுத்தின் ஓட்டை உடைசல் அவனைவிட வேறு யாருக்குத் தெரியும்? இரண்டு கேட்டார், ஏழு வந்தது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, இருபது வருஷத்தில் தான் எழுதியதிலேயே நேர்மையான பாயிரம் இதுதான் என்று அவனுக்கே தோன்றியது. அந்த எண்ணம் வேறு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

உஸ்மான் கனி அதைப் படித்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சிரித்தார். “இன்னா தலீவா, ஒங்க கையாலயே ஒங்கள செருப்பால அட்சிகினு கீறீங்கோ! இத்தயா மொதப் பக்கத்துல போடச் சொல்றீங்கோ?”

“வேணாம் பாய். கிழிச்சுப் போடுங்க.”

“நீங்க சும்மா இருங்கோ. கேக்கற எடத்துல நான் கேக்கறேன்” என்றார் உஸ்மான் கனி. அவர் கேட்ட இடம்தான் வம்பாகப் போயிற்று.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கவியரங்கம். கஜபதியார் தலைமை. வழக்கம்போல, பாயிரம் எழுதத் தகுதியுள்ளவர்கள் நான்கு பேர் என்று விரலை மடக்கிக்கொண்டிருந்தார். தன் ஆசிரியன், தன்னோடு படித்தவன், தன் மாணவன், தகுதியுள்ள உரைகாரன். கைதட்டல் அடங்குவதற்குள் உஸ்மான் கனி எழுந்து நின்றார்.

“ஐயா! ஊர்ல கீறவங்களுக்கெல்லாம் குடுத்தீங்கோ. இருபது வருசமா ஒங்க பக்கத்துலயே கீறாரே உத்தமன், அவரும் புக்கு எழுதிக்கீறாரு. அவருக்கு எப்போ?”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மூன்றாம் வரிசையில் உத்தமன் நாற்காலிக்குள் சுருங்கினான்.

ஒலிபெருக்கியைக் கையில் பிடித்தவர் பின்வாங்க முடியுமா? “தரமாட்டேன் என்றா சொன்னேன்? நால்வரில் நான் அவனுக்கு ஆசிரியன். அடுத்தவன் எழுதி நான் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. முழுவதும் என் கைப்பட எழுதித் தருவேன். சித்திரை இரண்டாம் ஞாயிறு வெளியீடு. நானே வெளியிடுகிறேன்!”

அடுத்தவன் எழுதி என்று அவர் சொன்ன இடத்தில் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவன் உத்தமன்தான். அவனுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஐயா, “உன் நூலை வச்சிட்டுப் போ, தனிமையில படிக்கணும். வெளியீடு வரைக்கும் நீ வராதே” என்று சொல்லி அனுப்பிவிட்டார். உத்தமன் போகாததால் பாயிரங்கள் நின்றுபோயின. ஆவடிக் கவிஞர் போன் செய்து கத்தினார். “ஐயா ஒங்க புஸ்தகத்தையேதான் படிச்சுகினு கீறாராமே! எங்கள்த தொடவே மாட்டேங்கிறாராம். கூட இருந்துகினே இப்டி பண்ணிட்டீங்களே!” குலதெய்வ வரலாறு எழுதியவர் சாபமே விட்டார். எல்லாரிடமும் திட்டு வாங்கிக்கொண்டே உத்தமன் உள்ளூர மகிழ்ந்தான். ஐயா படித்துக்கொண்டிருக்கிறார். தன்னை ஒருத்தர் படித்துக்கொண்டிருக்கிறார். டைம் ஆபீஸில் தாமதமாக வந்தவர்களைக்கூட அந்த நாட்களில் அவன் சரியான நேரம் என்று போட்டு உள்ளே விட்டான்.

வெளியீட்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது உஸ்மான் கனி கூப்பிட்டார். “தலீவா, எல்லாம் அட்சாச்சி. மொதப் பாரம், பாயிரம் வர்ற பக்கம்லாம், மட்டும் காலியா கீது. நாளைக்கு வரலன்னா பைண்டிங் போவாது. அட்டைய மட்டும்தான் வெளியிடணும்.”

உத்தமன் அடித்துப் பிடித்துக்கொண்டு ஐயா வீட்டுக்கு ஓடினான்.

கஜபதியார் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிஜமாகவே எழுதிக்கொண்டிருந்தார். அவர் இப்படிக் குனிந்து எழுதி உத்தமன் பார்த்ததே இல்லை. அவனைக் கண்டதும், பக்கத்தில் விரித்து வைத்திருந்த எதையோ சாப்பாட்டுத் தட்டால் மூடினார்.

“அவசரப்படுத்தாதே. கடைசி வரி.”

அடுக்களையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “மாவடு வாங்கி ரெண்டு நாளாச்சு. உப்பு எவ்வளவுன்னு பாக்கணும், அந்தப் புஸ்தகத்தை எப்பதான் குடுப்பீங்க?”

“தரேன்டி! மனுஷனை எழுத விடறியா?” என்று கத்தினார் கஜபதியார்.

எழுதுகிறவனுக்கு வீட்டில் எவ்வளவு இடைஞ்சல் என்று உத்தமன் நெகிழ்ந்துபோனான். இரண்டு தாள் கைக்கு வந்தது. ஐயாவின் கோணல் கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. மேலே ‘சிறப்புப் பாயிரம்’ என்று இருந்தது.

ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து படித்தான்.

‘ஒரே அமர்வில் இந்நூலை இருமுறை படித்தேன். தம் இல்லத்தில் கண்டதை ஊராருக்கு ஒளிக்காமல் தந்திருக்கிறார் ஆசிரியர். நாற்பத்தேழாம் பக்கத்தில் என் கண் கலங்கிற்று. மேலே செல்ல இயலாமல் நூலை மூடிவைத்தேன். இத்தகைய கை இனியும் ஓயக்கூடாது...’

பக்க எண்ணைக் கண்டதும் அவனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பைக்குள் இருந்த அச்சுப்படியை எடுத்து நாற்பத்தேழாம் பக்கத்தைப் புரட்டினான்.

அந்தப் பக்கத்தில் அவன் அப்பா இருந்தார். எஸ்டேட்டில் பட்டறை மூடி வேலை போனதை வீட்டில் சொல்லாமல், ஒரு மாதம் முழுக்க டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, பட்டரவாக்கம் ஸ்டேஷன் பெஞ்சில் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு வந்த அப்பா. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ரயில் பார்க்கப் போன உத்தமன் அதைப் பார்த்தான். அவர் இவனைப் பார்க்கவில்லை. அவர் போய்ச் சேரும்வரைக்கும் இவனும் சொல்லவில்லை. கதையில் வேறு பேர் வைத்திருந்தான்.

இருநூறு பக்கத்தில் அந்த ஒரு பக்கத்தை ஐயா கண்டுபிடித்துவிட்டார். உத்தமன் ஓவென்று அழுதான். பக்கத்தில் வேர்க்கடலை விற்றவர், “இன்னா நைனா, யாராச்சும் பூட்டாங்களா?” என்று கேட்டார்.

வீட்டில் நாகவல்லியிடம் தாளைக் காட்டினான். “ஒரு ஆள் படிச்சிருக்காரு நாகவல்லி. நாற்பத்தேழாம் பக்கத்துல எங்கப்பாவைப் பார்த்துட்டாரு.” எல்லாவற்றையும் சொன்னான்.

“இத்தினி வருசம் எங்கிட்ட கூட சொல்லலியே” என்றாள். அப்புறம் அந்த ஒரு பக்கத்தை மட்டும் வாங்கி, எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல மெதுவாகப் படித்தாள்.

“அந்த ஐயாவ தப்பா நெனச்சிட்டேன்யா. ஞாயித்துக்கெயம நானே அவருக்கு ஒரு பொன்னாட எடுத்துகினு வரேன்” என்றாள்.

வெளியீடு திருமுல்லைவாயிலில் ஒரு சிறிய மண்டபத்தில் நடந்தது. சாபம் விட்டவர்கள்கூட வந்திருந்தார்கள். கஜபதியார் பாயிரத்தைத் தாமே வாசித்தார். நாற்பத்தேழாம் பக்கம் வந்த இடத்தில் குரல் தழுதழுத்தது. நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட்டம் ‘உச்’ கொட்டியது. நாகவல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். உத்தமன் மேடையிலேயே அவர் காலில் விழுந்தான். முதல் தடவையாக ஒரு புதுப் பொன்னாடையை, மிச்சமானது அல்லாத ஒன்றை, கஜபதியார் அவனுக்கே போர்த்தினார்.

அப்போது உத்தமனுக்கு ஒரு வைராக்கியம் பிறந்தது. இனிமேல் எந்தப் புத்தகத்தையும் படிக்காமல் ஒரு வரி எழுதுவதில்லை. எத்தனை பேர் எத்தனை பக்கத்தில் தங்கள் அப்பாவை வைத்திருந்தார்களோ, தான் பார்க்காமல் தாண்டிப் போய்விட்டோமே என்று அவமானமாக இருந்தது.

விழா முடிந்து தயிர்சாதம் பரிமாறினார்கள். ஊறுகாய் ஜாடியோடு நின்றவர் காட்டுப்பாக்கம் சுசீலா. மகளிர் குழு வைத்து ஊறுகாய் போட்டு விற்பவர். வெளியீட்டுச் சாப்பாட்டுக்கு எப்போதும் அவர் ஊறுகாய்தான். உத்தமனின் தட்டில் இரண்டு கரண்டி வைத்தார். கண்ணெல்லாம் பூரிப்பு.

“சார், ஐயா படிச்சாரே பாயிரம், கேக்கறப்பவே எனக்கு புல்லரிச்சுப் போச்சி. அவரு வாய்க்குள்ள கீற வார்த்த எனக்கு முன்னாடியே தெரிஞ்சிச்சி.”

“எப்படிம்மா?”

“எம் புக்குக்கும் இத்தயேதான் சார் குடுத்தாரு! எட்டு வருசம் ஆவுது. ஒரு எயுத்து மாறல. ரெண்டு தபா படிச்சேன், கண்ணு கலங்கிச்சி, கை ஓயக் கூடாது, எல்லாமே. லேமினேசன் போட்டு கடையில மாட்டிக்கீறேன். வியாபாரம் படுத்த அன்னிக்கெல்லாம் அத்த படிச்சிகினுதான் சார் தெம்பா எயுந்திருக்கறேன்.”

உத்தமன் கையில் சோறு அப்படியே நின்றது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், ஊறுகாய்க்கெல்லாம் பாயிரமா என்று சலித்துக்கொண்டே பத்து நிமிஷத்தில் எழுதித் தள்ளியது கொஞ்சம் கொஞ்சமாக நினைவுக்கு வந்தது. மேடையோரத்தில் நாகவல்லி, தான் கொண்டுவந்த பொன்னாடையை ஐயாவுக்குப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

சுசீலா ஜாடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்ணு மட்டும் இன்னி வரிக்கும் எனக்குப் புரியல சார். எம் புக்குல நாப்பத்தேழாம் பக்கத்துல வடுமாங்கா கீது. ஒங்கள்துல இன்னா கீது?”